ஷாஃப்டில் கிடக்கும் பழைய கேபிளில் பிராட்பேண்ட்: எந்தப் பெட்டி காசுக்கு ஏற்றது?

ஸ்டில்ட் பார்க்கிங், அதற்கு மேல் ஐந்து மாடி, மாடிக்கு எட்டு வீடு. மொத்தம் 40. சென்னைப் புறநகரில் இந்த அளவுக் கட்டடம் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. பில்டர் சுவருக்குள் பதித்த பைப்பில் ஹால் வரைக்கும் ஆர்ஜி-6 என்ற டிவி கோஆக்ஸ் கேபிள் போயிருக்கும். ஃபைபர் இழுக்கப் போனால் இரண்டாவது வளைவில் சிக்கிக்கொள்ளும், சுவரை உடைக்க அசோசியேஷன் சம்மதிக்காது. அந்த டிவி கேபிளிலேயே இன்டர்நெட் கொடுக்க நினைக்கும் ஆபரேட்டருக்குச் சந்தையில் நான்கு வகைக் கருவிகள் கிடைக்கின்றன: ஈஓசி (ஈதர்நெட் ஓவர் கோஆக்ஸ்), மோகா, ஜி.எச்என், டாக்சிஸ். இவற்றை இந்த 40 வீட்டுக் கணக்கில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஒன்று. ஃபைபர் போகும் என்றால் இந்த நான்கில் எதையும் வாங்க வேண்டாம். ஜிபான் என்ற ஃபைபர் முறைக்கான வீட்டுப் பெட்டி (ஓஎன்டி) மலிந்துவிட்டது, கீழ்நோக்கி 2.5 ஜிகாபிட், மேல்நோக்கி 1.25 ஜிகாபிட் பகிர்வுக்குக் கிடைக்கிறது, கரன்ட் தேவைப்படும் பெட்டி எதுவும் மாடிகளுக்குக் கேபிள் போகும் ஷாஃப்டில் வராது. பைப்பில் ஒற்றை ஆர்ஜி-6 மட்டும் ஓடினால், அதையே இழுவைக் கயிறாக்கிப் பாருங்கள். கேபிளின் ஒரு முனையில் ஜி.657ஏ2 ரக ஃபைபரையும் கூடவே ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்துக் கட்டி, சோப்புத் தண்ணீர் தடவி மறுமுனையிலிருந்து இழுக்க வேண்டும். அந்த ரக ஃபைபர் 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை வளைவைத் தாங்கும். பத்து வீட்டில் முயன்று எட்டில் வந்துவிட்டால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். பத்தில் மூன்றுதான் வருகிறது என்றால் மேலே படியுங்கள்.

பெட்டிக்கு விலை கேட்பதற்கு முன் ஷாஃப்ட் கதவைத் திறந்து, கேபிள் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கேபிள் கீழே மீட்டர் ரூமுக்கோ மொட்டை மாடிக்கோ நேராக வந்தால் அது நட்சத்திர அமைப்பு. ஒரே ரைசர் கேபிள் இறங்கி, மாடிக்கு ஒரு டேப் (சிக்னலில் ஒரு பங்கைப் பிரித்துத் தரும் சின்னப் பெட்டி) போட்டு அங்கிருந்து வீடுகளுக்குப் பிரிந்தால் அது மர அமைப்பு. கேபிள்காரர் கட்டியது பெரும்பாலும் மரம். டிடிஎச்-க்காக பில்டரே கட்டியது சில இடங்களில் நட்சத்திரம். மூன்றாவதாக ஒரு கொடுமை உண்டு: மேல் வீட்டு சாக்கெட்டிலிருந்து கீழ் வீட்டு சாக்கெட்டுக்கு மாலை கோத்த மாதிரி போகும் தொடர் இணைப்பு. இதில் எந்தக் கருவியும் நிம்மதியாக ஓடாது. ஒரு வீட்டுக்காரர் சாக்கெட்டைக் கழற்றி வெள்ளையடித்தால் கீழே நாலு வீடு செத்துவிடும்.

மர அமைப்புக்குக் குறைந்த செலவில் கட்டுபடியாவது ஈஓசி. இதில் பெரும்பாலானவை மின்கம்பியில் டேட்டா அனுப்பும் ஹோம்பிளக் ஏவி தொழில்நுட்பத்தையே கோஆக்ஸில் ஏற்றியவை. ஷாஃப்டில் ஒரு மாஸ்டர் (தலைப் பெட்டி), வீட்டுக்கு ஒரு ஸ்லேவ் (வீட்டுப் பெட்டி). சிக்னல் 2 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, சிப்பைப் பொறுத்து 30 அல்லது 65 மெகாஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடும். டிவி அதற்கு மேலே தன்பாட்டுக்கு ஓடும். அலைவரிசை தாழ்வாக இருப்பதுதான் இதன் பலம். ஆர்ஜி-6 கேபிள் 100 மீட்டருக்கு 30 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 4 டெசிபல் சிக்னலைத்தான் தின்னும், 1000 மெகாஹெர்ட்ஸில் 21 டெசிபலுக்கு மேல். பழைய கேபிள், பழைய டேப், சுமாரான ஜாயின்ட் எல்லாவற்றையும் ஈஓசி ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

வேகத்தில் ஏமாறக் கூடாது. அட்டைப் பெட்டியில் 200 எம்பிபிஎஸ் என்று போட்ட பழைய தலைமுறையில் கைக்கு வருவது 80, 90. ஏஆர்7400 குடும்ப சிப் உள்ளவற்றில் 500-க்கு மேல் என்று அச்சடித்திருப்பார்கள், கைக்கு வருவது 200-ஐ ஒட்டி. அதுவும் ஒரு மாஸ்டரின் மொத்தம்: எல்லா வீட்டுக்கும் பொது, ஏற்றமும் இறக்கமும் சேர்த்து. 1080பி படம் ஒரு ஓட்டத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே-க்கு 15 என்று வையுங்கள். ஐபிஎல் இரவில் 25 வீட்டில் 1080பி, 5 வீட்டில் 4கே ஓடினால் 125-உம் 75-உம் சேர்ந்து 200. ஒரு மாஸ்டர் அங்கேயே நிரம்பிவிட்டது. டேட்டாஷீட்டில் 64 ஸ்லேவ் தாங்கும் என்று இருக்கும். அது முகவரிக் கணக்கு, அத்தனை பேரும் பார்க்க முடியும் என்ற கணக்கு அல்ல. நம் கட்டடத்தில் இரண்டு ரைசர் இருந்தால் ரைசருக்கு ஒன்றாக இரண்டு மாஸ்டர் போட்டு, 20 வீடு வீதம் பிரிப்பதுதான் சரி. ஸ்லேவ் வாங்கும்போது ஈதர்நெட் போர்ட்டையும் பாருங்கள். மலிவான மாடல்களில் 10/100 போர்ட்தான் இருக்கும், உள்ளே சிப் எதுவானாலும் 94 எம்பிபிஎஸ்-க்கு மேல் வெளியே வராது. 50 எம்பிபிஎஸ் பிளான் விற்பவருக்கு அது போதும். 200 விற்பவர் ஈஓசி பக்கமே வரக் கூடாது.

மாஸ்டரில் மூன்று விஷயம் இல்லாவிட்டால் எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம். முதலாவது, ஸ்லேவ் வாரியாக விலான் (ஒரே கேபிளில் தனித்தனி நெட்வொர்க்) பிரிக்கும் வசதி. ஸ்லேவிலிருந்து வரும் ஒயரை வீட்டுக்காரர் தன் ரவுட்டரின் வான் போர்ட்டில் (இன்டர்நெட் வரும் துளை) செருகாமல் லான் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான துளை) செருகுவார். இது நடக்குமா என்று கேட்கவே வேண்டாம், நடந்தே தீரும். அந்த நிமிடத்திலிருந்து அவருடைய ரவுட்டர் கட்டடம் முழுக்க ஐபி முகவரி விநியோகிக்கத் தொடங்கும். பத்து வீட்டில் “நெட் போச்சு” என்று போன் வரும், உங்கள் பக்கத்தில் எல்லா விளக்கும் பச்சையாக எரியும். வீட்டுக்கு ஒரு விலான் இருந்தால் அந்தத் தவறு அந்த வீட்டோடு நிற்கும். இரண்டாவது, நெட்வொர்க் கடவுச்சொல்லை மாற்றும் வசதி. ஹோம்பிளக் ஏவி-யின் ஆலைக் கடவுச்சொல் உலகம் முழுக்க ஒன்றே, ‘ஹோம்பிளக்ஏவி’. மாற்றாமல் விட்டால், கடையில் வாங்கிய எந்த ஸ்லேவும் உங்கள் மாஸ்டரோடு கைகுலுக்கும். மூன்றாவது, ஸ்லேவ் ஒவ்வொன்றின் இணைப்பு வேகத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கும் பக்கம். அது இல்லாத மாஸ்டர் வைத்திருப்பவர் ஒவ்வொரு புகாருக்கும் படியேற வேண்டும்.

பொருத்தும்போது நடக்கும் பெரிய தவறு ஆம்ப். மொட்டை மாடியில் இருக்கும் டிவி ஆம்ப்ளிஃபயர் ஒருவழிப் பாதை. ஈஓசி இரண்டு பக்கமும் பேச வேண்டிய சங்கதி. மாஸ்டரை ஆம்புக்கு முன்னால் வைத்தால் ஒரு ஸ்லேவும் எழுந்திருக்காது. வரிசை இப்படி இருக்க வேண்டும்: மினி நோடு (ஃபைபரில் வரும் டிவியைக் கோஆக்ஸுக்கு மாற்றும் பெட்டி), ஆம்ப், அதன் வெளியீடு மாஸ்டரின் டிவி-இன் போர்ட்டுக்கு, மாஸ்டரின் கோஆக்ஸ் போர்ட்டிலிருந்து ரைசருக்கு. நடு மாடியில் இன்னொரு ஆம்ப் ஒளிந்திருந்தால் அதைச் சுற்றி பைபாஸ் பிரிட்ஜ் போட வேண்டும், இல்லையென்றால் அந்த ஆம்பைக் கழற்றிவிட்டு டேப் மதிப்புகளை மாற்ற வேண்டும். இரண்டாவதுதான் நல்லது.

இரண்டு மாஸ்டர் வைக்கும் இடத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இரண்டுக்கும் டிவி சிக்னல் ஒரே ஸ்ப்ளிட்டரிலிருந்து போகும். மாஸ்டருக்குள் இருக்கும் வடிகட்டி சுமாராக இருந்தால் ஒன்றின் சிக்னல் ஸ்ப்ளிட்டர் வழியே மற்றொன்றுக்குக் கசியும். கடவுச்சொல் வேறு வேறு என்பதால் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது, ஆனால் கேட்கும். கேட்டால் முறை வைத்துக் காத்திருக்கும். தனித்தனியே சோதித்தால் இரண்டும் 200 தரும், சேர்ந்து ஓடும்போது ஆளுக்கு 100. ஒவ்வொரு மாஸ்டரின் டிவி-இன் போர்ட்டுக்கு முன்னாலும் ஒரு ஹைபாஸ் ஃபில்டர் (உயர் அலைவரிசையை மட்டும் விடும் வடிகட்டி) திருகினால் சரியாகும். ஃபில்டரின் வெட்டு அலைவரிசை மாஸ்டரின் மேல் எல்லைக்கு மேலும், உங்கள் ஊரில் ஓடும் முதல் டிவி சேனலுக்குக் கீழும் இருக்க வேண்டும். மாஸ்டர் 65 வரை போகும் ரகமாக இருந்து, கேபிளில் டிவி 47 மெகாஹெர்ட்ஸிலிருந்தே தொடங்கினால் இரண்டும் மோதும். கேபிள்காரரிடம் சேனல் பட்டியல் வாங்கிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

அடுத்தது மோகா 2.5. அமெரிக்காவில் வீட்டுக்குள் பயன்படுத்த வந்தது. 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது, ஒரே கேபிளில் 16 பெட்டி வரை பேசும், பகிர்ந்துகொள்ள 2.5 ஜிகாபிட். வேகத்தில் ஈஓசி கிட்டவே நிற்க முடியாது. ஸ்க்ரீன்பீம் ஈசிபி6250-இல் 1 ஜிகாபிட் போர்ட், கோகோஆக்ஸ் எம்ஏ2500டி-யில் 2.5 ஜிகாபிட் போர்ட். வீட்டுப் பக்கத்துக்கு 1 ஜிகாபிட் தாராளம், தலைப் பக்கத்துக்கு 2.5 போர்ட் உள்ளதை வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

விலைதான் இடிக்கிறது. அமெரிக்கச் சில்லறை விலையில் பெட்டி ஒன்று ஏறக்குறைய 60 டாலர், இறக்குமதி வரியும் 18 சதவீத ஜிஎஸ்டி-யும் தனி. நட்சத்திர அமைப்பில் வீட்டுக்கு ஒரு ஜோடி போட்டால் 80 பெட்டி, 4,800 டாலர். ஒரு தலைப் பெட்டிக்கு ஸ்ப்ளிட்டர் வழியாக 13, 14 வீடு என்று மூன்று குழுவாக்கினால் 43 பெட்டி, 2,580 டாலர். இரண்டாவது வழி மலிவு, ஆனால் இந்த வீட்டு ரகப் பெட்டிகள் எல்லாரையும் ஒரே தொட்டியில் கொட்டும் வெறும் பிரிட்ஜ். வீட்டுக்கு வீடு விலான் கிடையாது. மேலே சொன்ன ரவுட்டர் கூத்து இங்கே 14 வீட்டைத் தாக்கும். பிபிபிஓஇ (வீட்டுக்கு வீடு லாகின் கேட்கும் முறை) வைத்தால் பாதிப்பு குறையும், அடியோடு போகாது. ஜோடி முறையில் தலைப் பக்கப் பெட்டிகளை போர்ட் ஐசொலேஷன் (ஒரு போர்ட்டை இன்னொன்றோடு பேச விடாத வசதி) உள்ள ஸ்விட்சில் செருகிவிட்டால் பிரச்சினை ஒழிந்தது. கட்டடங்களுக்கென்றே மோகா ஆக்சஸ் என்ற ரகம் உண்டு. ஸ்வீடனின் இன்கோஆக்ஸ் அதைச் செய்கிறது, ஒரு தலைக்கு 63 வீடு வரை. தரம் நல்லது, 40 வீட்டுக் கட்டடம் ஒன்றுக்காக வாங்குகிற விலையில் இல்லை.

மோகா வாங்குவதற்கு முன் இரண்டு சோதனை. கட்டடத்தில் டிடிஎச் அதே கேபிளில் ஓடுகிறதா? டிஷ்ஷிலிருந்து வரும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ், மோகா அதன் நடுவில் உட்காரும். இரண்டில் ஒன்று சாகும். போதாததற்கு அந்தக் கேபிளில் டிஷ்ஷின் முன்னால் உள்ள எல்என்பி-க்கான 13 அல்லது 18 வோல்ட் ஓடும், பெட்டிக்கு ஆபத்து. இரண்டாவது சோதனை டேப். நம் ஊர் டேப், ஸ்ப்ளிட்டர்களில் 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருக்கும். 1500-இல் அவை எவ்வளவு தின்னும் என்று தயாரித்தவரே சொல்ல மாட்டார். மர அமைப்பில் மோகா போட வேண்டுமானால் மாடிக்கு இரண்டாக உள்ள பத்து டேப்பையும் 1675 வரை தாங்கும் ரகமாக மாற்றியே ஆக வேண்டும். சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ‘5–2400’ என்று தங்க முலாம் பூசிய ஸ்ப்ளிட்டர்கள் குவிந்து கிடக்கும். அவை டிஷ்ஷுக்கானவை. பலவற்றில் போர்ட்டுக்குப் போர்ட் தடுப்பு மோசம், கூடவே டிசி மின்சாரத்தையும் கடத்தும். மினுமினுப்பைப் பார்த்து வாங்காதீர்கள்.

கேபிள் டிவியே நின்றுபோய், எல்லாரும் டிஷ்ஷுக்கோ ஆப்புக்கோ போய், கோஆக்ஸ் சும்மா கிடக்கும் கட்டடங்களும் இருக்கின்றன. அங்கே ஜி.எச்என்-ஐப் பார்க்கலாம். 2 முதல் 200 மெகாஹெர்ட்ஸ் வரை முழுப் பாதையையும் எடுத்துக்கொள்ளும். டிவியோடு ஒத்துப்போகாது என்பதுதான் குறை, டிவி இல்லாத இடத்தில் அது குறையே இல்லை. தாழ்வான அலைவரிசை என்பதால் பழைய ஸ்ப்ளிட்டரே ஓடும். காம்ட்ரெண்ட் ஜிசிஏ-6000 மாதிரி ஜோடிப் பெட்டிகளும், கனடாவின் பாசிட்ரான் செய்யும் ஜிஏஎம் வரிசைத் தலைக்கருவிகளும் இந்த ரகம். நம் ஊரில் உதிரிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். வாங்கினால் பத்துக்கு ஒன்று கூடுதலாக வாங்கி வைக்கவும்.

டாக்சிஸ் (கேபிள் மோடம் முறை) பற்றிச் சுருக்கமாக: 40 வீட்டுக்கு வேண்டாம். அதன் தலைக்கருவியான சிஎம்டிஎஸ் பழையது ஏலத்தில் சல்லிசாக வருகிறதென்று ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள். பெட்டி மலிவு. அதற்கான லைசென்ஸ், கரன்ட் பில், ஏசி, இருவழி ஆம்ப், இதையெல்லாம் அமைக்கத் தெரிந்த ஆள் எதுவும் மலிவு இல்லை. பல கட்டடங்களை ஒரே இருவழி நெட்வொர்க்கில் வைத்திருக்கும் ஆபரேட்டருக்கு மட்டும் கணக்கு ஒத்துவரும். 8 மெகாஹெர்ட்ஸ் சேனல் ஒன்றில் 256-க்வாம் என்ற குறியேற்ற முறையில் ஓட்டினால் 50 எம்பிபிஎஸ் கிடைக்கும், எட்டு சேனல் கட்டினால் 400. பழைய மோடம் வாங்கும்போது அமெரிக்க ரகமா ஐரோப்பிய ரகமா என்று பாருங்கள். அமெரிக்க மோடம் மேல்நோக்கி 42 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், ஐரோப்பியது 65 வரை போகும். கலந்து வாங்கினால் பாதி மோடம்கள் மேல் சேனலுக்கு ஏறாது. இன்டெல் பூமா 6 சிப் உள்ளவற்றில் லேட்டன்சி (பதில் வரும் தாமதம்) துள்ளும் குறை 2016-லேயே வெளிச்சத்துக்கு வந்தது. கேம் ஆடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை வைத்தால் போன் ஓயாது.

ஆக நம் 40 வீட்டு மர அமைப்புக்கு ஈஓசி. பெட்டியைவிடச் சில்லறைச் சாமான்களில் கவனமாகச் செலவு செய்யுங்கள். இரண்டு மாஸ்டர், 40 ஸ்லேவ், கூடுதலாக நாலு. ரைசருக்கு மாடிக்கு ஒன்றாகப் பத்து நால்வழி டேப். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் ரைசரில் ஐந்தாம் மாடிக்கு 20 டெசிபல், பிறகு 17, 14, 11, முதல் மாடிக்கு 8. மேலே இருப்பவருக்கு அதிக மதிப்பு ஏன் என்றால், ஒவ்வொரு டேப்பும் கீழே அனுப்பும்போது கொஞ்சம் தின்னும். 20 டெசிபல் டேப் ஏறக்குறைய 1 டெசிபல், 11 டெசிபல் டேப் 4-ஐ ஒட்டி. கூட்டிப் பார்த்தால் மேல் வீட்டுக்கு 20, கீழ் வீட்டுக்கு 16 என்று நாலு டெசிபல் வித்தியாசத்துக்குள் எல்லாரும் வந்துவிடுவார்கள். எல்லா மாடியிலும் ஒரே ரக ஸ்ப்ளிட்டரைத் தொடர்ச்சியாக மாட்டியிருந்தால், இரண்டாம் மாடிக்குக் கீழே ஏன் ‘லிங்க் வருது போகுது’ என்பதற்கு விடை அங்கேயே இருக்கிறது. நால்வழி 8 டெசிபல் டேப் ரைசரை முடித்துவைக்கும் ரகம். எந்த டேப்பிலும் ஆள் இல்லாத போர்ட்டில் 75 ஓம் டெர்மினேட்டர் திருகவும்.

எஃப் கனெக்டர் 200, கம்ப்ரஷன் ரகம், அதற்கான கருவி ஒன்று. கையால் திருகும் கனெக்டர்களைத் தூக்கிப் போடுங்கள். ஜாக்கெட்டைச் சீவும்போது மெல்லிய பின்னல் இழை ஒன்று நடுக்கம்பியைத் தொட்டுவிட்டால் டிவி புள்ளி புள்ளியாகவாவது வரும், ஸ்லேவ் வராது. நடுக்கம்பி கனெக்டர் விளிம்புக்கு வெளியே 2, 3 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும், குறைந்தால் சாக்கெட்டின் நாக்கைத் தொடாது. கடற்கரைப் பகுதியில் பழைய கேபிளை வெட்டியதும் நடுக்கம்பியைப் பாருங்கள். மேலே செம்புப் பூச்சு, உள்ளே இரும்பு. பூச்சு போய்த் துரு ஏறியிருந்தால் செம்பு நிறம் தெரியும் வரை வெட்டிக்கொண்டே போவதில் பயனில்லை, அந்த வீட்டுக்குப் புதுக் கேபிள்தான். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் கேபிள் டேப்பில் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் வளைவு விடவும். அது இல்லாவிட்டால் ஐப்பசி மழையின் தண்ணீர் கேபிள் வழியே நேராக டேப்புக்குள் இறங்கும்.

டேப்பைத் தொடும் முன் மீட்டர் வைத்து வோல்ட் பார்க்கவும். சில இடங்களில் ஆம்புக்கான 60 வோல்ட் ஏசி ரைசரிலேயே ஓடுகிறது. வீட்டுக்குள் டிவிக்கு என்று பதித்த சுவர் சாக்கெட்டும் சந்தேகத்துக்குரியது. சிலவற்றுக்குள் டிவி அலைவரிசையை மட்டும் விடும் வடிகட்டி ஒளிந்திருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் ஒரு வீடு மட்டும் எழவில்லை என்றால், சாக்கெட்டைத் தவிர்த்துக் கேபிளை நேரே ஸ்லேவில் மாட்டிப் பாருங்கள்.

இடிக்கு ஷாஃப்டில் எர்த் பிளாக் ரைசருக்கு ஒன்று. தெருவிலிருந்து மாஸ்டருக்கு வரும் இணைப்பு ஃபைபராக இருந்தால், பக்கத்துக் கட்டடத்தில் விழுந்த இடி ஈதர்நெட் ஒயர் வழியே வந்து போர்ட்டைப் பொசுக்காது. மாஸ்டருக்கும் ஆம்புக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் போடுங்கள், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து ஷாஃப்டில் கரன்ட் இல்லாவிட்டால் திட்டு உங்களுக்குத்தான். வைஃபை உள்ள ஸ்லேவை இறக்குமதி செய்கிறவர் விற்பவரிடம் டபிள்யூபிசி (மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு) அனுமதி எண்ணைக் கேட்டு வாங்கவும். வைஃபை இல்லாத ஸ்லேவும் வீட்டுக்காரரின் சொந்த ரவுட்டருமே தலைவலி குறைந்த ஏற்பாடு. அசோசியேஷனே ஒரு இணைப்பு எடுத்து 40 வீட்டுக்குப் பிரித்து விற்பது சட்டப்படி ஆகாது, ஐஎஸ்பி (இணையச் சேவை) உரிமம் உள்ளவரோடு ஒப்பந்தம் வேண்டும்.

மொத்த ஆர்டருக்கு முன் ஒரு மாஸ்டரும் மூன்று ஸ்லேவும் மட்டும் வாங்கிச் சோதியுங்கள். ஒன்று மாஸ்டருக்குப் பக்கத்து வீட்டில், ஒன்று ரைசரின் கடைசி வீட்டில், ஒன்று லிஃப்ட் மோட்டார் அறையை ஒட்டிய வீட்டில். ஈஓசி ஓடும் 2–30 மெகாஹெர்ட்ஸில்தான் லிஃப்ட் டிரைவ், இன்வெர்ட்டர், மட்டமான எல்இடி பல்பு எல்லாம் இரைச்சல் கொட்டும். பகல் 11 மணிச் சோதனை செல்லாது. இரவு 9 மணிக்கு, லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது, மூன்று ஸ்லேவிலும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம் டேட்டா ஓட்டி மாஸ்டர் பக்கத்தில் இணைப்பு வேகத்தைப் பார்க்கவும். லிஃப்ட் நகரும்போது மட்டும் மூன்றாவது வீட்டின் எண் பாதியாக விழுந்தால், அந்த வீட்டுக் கேபிளின் பின்னல் மெலிந்தது என்று பொருள். அடர்த்தியான பின்னலும் இரட்டை ஃபாயிலும் உள்ள கேபிளை அந்த ஒரு வீட்டுக்கு மாற்றி மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, மீதி 41 ஸ்லேவுக்குப் பணம் கட்டுங்கள்.